ஒரு திருத்தம்

குன்டேகா வந்தபோது கடற்காற்று
ட்ராம் கம்பிகளை உலுக்கிக்கொண்டிருந்தது.
கோட்டைக் கழற்றவில்லை.
கதவைப் பார்த்த நாற்காலிதான் வேண்டும் என்றாள்.
அதில் தூங்கிய பூனையை எழுப்பிவிட்டேன்.

நூற்று நாற்பது பக்கம். மேலே ஒரு பென்சில்.
எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக்கொள், என்றேன்,
நீ நிறுத்தினால் புத்தகமும் நின்றுவிடும்.
தலையை அசைத்தாள்.
சரி என்றா, வேண்டாம் என்றா, தெரியவில்லை.

பதினோராம் அத்தியாயத்தை
நான்கு முறை எழுதியிருந்தேன்.
முதல் முறை எல்லாமே இருந்தது.
மறுநாள் படித்தால்,
அந்த அறைக்குள் ஒரு நாற்காலி போட்டு
வாசகரை உட்கார்த்தி வைத்திருக்கிறேன்.
வேடிக்கை பார்க்க வாகான இடம்.
அடுப்பில் போட்டு எரித்தேன்.
எரித்தேன் என்பது பொய். கணினியில் அழித்தேன்.

இரண்டாம் முறை
ஒரு வெற்றிடம், பிறகு 'மறுநாள் காலை'.
நாகரிகம் என்று நினைத்தேன். பயம்தான்.

மூன்றாம் முறை அவனுக்குப் பிள்ளைப்பருவம் கொடுத்தேன்,
குடிகார அப்பா, இடுப்பு பெல்ட்.
இரண்டாம் பக்கத்தில் எனக்கே கண் கலங்கியது.
சிறுமிக்கு அதே அத்தியாயத்தில் ஒன்பது வரி.
எண்ணிவிட்டு
லியபாயாவின் துறைமுகம் வரை நடந்தேன்,
குல்லா இல்லாமல்.

ரீகாவிலிருந்து பதிப்பாளர் ஓயார்ஸ் கூப்பிட்டார்:
காட்டாவிட்டால் எப்படி நம்புவார்கள்?
நம்பாதவர்களுக்காகவா எழுதுகிறோம் என்று
கேட்க வாயெடுத்து
பனிப்பொழிவைப் பற்றிப் பேசி வைத்தேன்.

நான்காம் முறை
அறைக்கு வெளியே நின்றேன்.
நீச்சல் குளம். தண்ணீரில் எட்டுப் பிள்ளைகள்.
பயிற்சியாளர் மாட்டிவிட்டுப் போன நிறுத்துகடிகாரம்
கொக்கியில் ஓடிக்கொண்டே இருக்கிறது.
கதவு உள்ளே பூட்டியிருக்கிறது.

பிறகு முப்பது வருடம்.
குளோரின் வாடை வந்தால்
பாதி மாடியில் லிஃப்டை விட்டு இறங்குகிறவள்.
மகளின் தலையைத் துவட்ட முடியாமல்
துண்டை நீட்டிவிட்டுச் சுவரைப் பார்க்கிறவள்.
பாராட்டினால் வியர்க்கிறவள்.
இவை என் கற்பனை.
ஒன்றே ஒன்று குன்டேகாவுடையது,
கேட்டுத்தான் எடுத்தேன்.
எது என்று சொல்லமாட்டேன்.

தேநீர் ஆறியது. கறுப்பு ரொட்டியைத் தொடவில்லை.
பதினொன்றில் எழுந்து போய்
நெடுநேரம் கை கழுவினாள்.
நான் போதும் என்று சொல்லப் போனேன்.
அவள் வந்து உட்கார்ந்து
பென்சிலை எடுத்தாள்.

'பூட்டியிருக்கிறது' என்பதன் மேல் ஒரு கோடு.
பக்கத்தில், பள்ளிக்கூடக் கையெழுத்தில்:
கதவு திறந்துதான் இருந்தது.

உள்ளங்கை அகலம், என்றாள்.
பிள்ளைகள் சத்தம் நன்றாகக் கேட்டது.
ஏன் ஓடவில்லை என்று கேட்பார்களே,
அதற்காகத்தானே பூட்டினாய்?

ஆமாம்.

நானும் அப்படித்தான். படுக்கையில் கிடந்து
எத்தனையோ ராத்திரி அந்தக் கதவைப் பூட்டிப் பார்த்தேன்.
பூட்டு நிற்கவே இல்லை.

இரக்கத்தில்தான் பூட்டினேன்.
திறந்த கதவுக்கு எதிரே
கால் மரத்து நின்ற பிள்ளை
இதைப் படித்தால்
தான் ஓடியிருக்க வேண்டியவள் என்றல்லவா நினைத்துக்கொள்வாள்.
இது எனக்கு
மூன்று வருடமாகத் தோன்றவில்லை.

இன்னொன்று, என்றாள்.
கடைசியில் இவளைக் கடலில் இறக்கி நீந்த வைக்கிறாய். வேண்டாம்.
வேறென்ன செய்யட்டும்?
கரையில் நிற்கட்டும். ஷூ நனையட்டும்.
ட்ராம் ஏறி வீட்டுக்குப் போகட்டும்.
டிக்கெட் விலையைப் பார்த்து
நன்றாகக் கோபப்படட்டும்.
சிரித்தோம். அவள்தான் முதலில் நிறுத்தினாள்.

போகும்போது பென்சிலையும் கொண்டுபோய்விட்டாள்.
பூனை நாற்காலிக்குத் திரும்பியது.

கதவு உள்ளங்கை அகலம் திறந்திருந்தது,
என்று எழுதினேன்.
அடுத்த வரி இன்னும் வரவில்லை.